நாற்பத்திரண்டாவது கிளாஷ்

குடவாசல் தபால் ஆபீசில் தந்தி குமாஸ்தாவாக இருந்த துரைக்கண்ணுவுக்கு ஒரு வழக்கம். மெட்ராஸ் இங்கிலீஷ் பத்திரிகையின் உள்ளூர் நிருபர் பஞ்சநதம் கொடுக்கும் தந்தியில் ‘கிளாஷ்’, அதாவது மோதல், என்ற வார்த்தை வந்தால், தேதி போட்டு நோட்டில் குறித்துக்கொள்வார். ஆட்சி மாறி மூன்றாவது வருஷம் அது. அந்த ஒரு வருஷத்திலேயே நாற்பத்தொன்று சேர்ந்துவிட்டது. மதகைத் திறந்தால் கிளாஷ். கட்சிக்கொடி நட்டால் கிளாஷ். கல்யாணப் பந்தியில் பாயசம் வராமல் சம்பந்திகள் எழுந்ததும் கிளாஷ்தான்.

“நீங்கதான் வார்த்தைய எண்ணிக் காசு வாங்குறீங்களே! ஊர்ச் சண்டை அத்தனையும் இந்த ஒண்ணுல அடங்கிடுது பாருங்க” என்று வெற்றிலை வாயோடு சிரிப்பார் பஞ்சநதம்.

அந்தத் தை மாதத்து வியாழக்கிழமை அவர் நீட்டிய தந்திப் பாரத்தைப் பார்த்துத் துரைக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. ‘அறுவடைக் கூலித் தகராறு. கிளாஷ். இருவர் காயம்.’ காயம்பட்டவர்களில் ஒருவன் வீரையன், துரைக்கண்ணுவின் மனைவி அம்சத்தின் தம்பி. மிராசுதாரின் ஆட்கள் அடித்ததில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கட்டிலோரம் போலீஸ்காரர் காவல். இருதரப்பும் மோதியதாக ஆகிவிட்டால் குணமானதும் நேரே ஜெயில்தான் என்று ஏட்டு சொல்லியிருந்தார்.

தந்தியில் ஓர் எழுத்தைக்கூடக் குமாஸ்தா மாற்றக் கூடாது. துரைக்கண்ணு மாற்றவில்லை. நோட்டை எடுத்து நாற்பத்தொன்றையும் வரிசையாக வாசித்தார். பாயசத்துக்கு வந்ததும் பஞ்சநதமே காதைப் பொத்திக்கொண்டார்.

“இதுல ரெண்டாவது காயம் யாருங்க சார்?”

“மிராசுதாரோட நிலத்தப் பாத்துக்குற காரியக்காரர். ஓடுனப்ப வரப்புல வழுக்கி விழுந்துட்டாராம்.”

“அதுவும் கிளாஷா? ஆஸ்பத்திரி எதிர்த் தெருதானே. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுவோம், வாங்க.”

மதிய இடைவேளையில் இருவரும் போனார்கள். தலைமாட்டில் அம்சம் உட்கார்ந்திருந்தாள். வீரையனின் விலாவில் இரண்டு பக்கமும் கட்டு. கைகளில் ஒரு கீறல்கூட இல்லை.

“நீ திருப்பி அடிச்சியாப்பா?” என்றார் பஞ்சநதம்.

“எந்தக் கையாலங்க அடிக்கிறது? தலையில கதிர்க்கட்டு. ரெண்டு கையும் மேலல்ல இருந்துச்சு.”

“கீழ போட்டுட்டு ஓடியிருக்கலாமே?”

வீரையன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். “முத்துன கதிருங்க. போட்டா பாதி நெல்லு வரப்புலயே உதிர்ந்துடும்.”

“அடிச்சவன் வூட்டு நெல்லுடா அது, மடப்பயலே!” குட்டுவதற்கு ஓங்கிய அம்சத்தின் கை அவன் தலையைத் தடவிக்கொண்டு நின்றது.

“யாரு வூட்டுதா இருந்தா என்னக்கா, நெல்லுதானே.”

பஞ்சநதம் பென்சிலை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். ஆபீசுக்குத் திரும்பியதும் பழைய பாரத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். கதிர்க்கட்டு சுமந்து வந்த தொழிலாளி தாக்கப்பட்டார். இரு கைகளும் சுமையில். திருப்பி அடிக்கவில்லை. காரியக்காரர் தானே விழுந்தார். முந்தியதைவிட மூன்று மடங்கு நீளம். துரைக்கண்ணு அதை டக்டக்கென்று தந்தி இயந்திரத்தில் அடித்து அனுப்பினார்.

சனிக்கிழமை பத்திரிகையில் அத்தனையும் எழுத்துக்கு எழுத்து வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து வீரையனிடம் வாக்குமூலம் வாங்கினார். சாயங்காலம் கட்டிலோரக் காவல் எடுக்கப்பட்டது. வீரையன் வழக்கில் சாட்சி ஆனான்.

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும்போதே பஞ்சநதம் அந்தச் சனிக்கிழமைப் பத்திரிகையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். செய்திக்கு மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: கிளாஷ்.

“இது நான் வச்சது இல்லய்யா! மெட்ராஸ்ல ஒக்காந்திருக்குற எவனோ வச்சது! நோட்டுல ஏத்திடாதீங்க!”

“வந்தது வந்ததுதானே சார்.” துரைக்கண்ணு நாற்பத்திரண்டு என்று போட்டு, பக்கத்தில் ‘நிருபர் பொறுப்பல்ல’ என்று எழுதி, நோட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறகு அம்சம் கொடுத்துவிட்ட தூக்குவாளியை அதன்மேல் வைத்தார்.

“என்னது?”

“பாயசம்.”