பிப்ரவரிக்கு மீசை

என் கொழுந்தன் யசுஹெய் பழம் பறிக்க மரமேறி, விழுந்து, வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அதற்குள் புது நாட்காட்டிக்கு, மாதத்துக்கு ஒன்றாக, கத்தியால் படம் வெட்டும் அச்சுத்தாள்களை எல்லாம் முடித்திருந்தான், பிப்ரவரியைத் தவிர.

"அண்ணி, அண்ணன் வெட்டின பழைய பிப்ரவரியைக் குடுங்க. 1967லயும் ஒண்ணாந்தேதி புதன்கிழமைதான், வர்ற வருஷமும் புதன்தான். அப்படியே பொருந்தும்."

"மரத்துல ஏறுறப்ப இந்த மூளை எங்கடா போச்சு?"

சிரித்தேனே தவிர எடுத்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. இறந்துபோன என் கணவர் கிசாகு வெட்டியவற்றில் மற்றவை தேய்ந்து போய்விட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான். சீமைப்பனிச்சைக் காய்ச்சாறு ஊறிய தாள், கிடக்கக் கிடக்க முறுகிவிடும். மடங்கினால் போயிற்று.

ஆனால் பிப்ரவரி இல்லாத நாட்காட்டியை யார் வாங்குவார்கள்? எடுத்து நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டேன். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல நீர் குடித்து, தோல்போல இளகியது. கிழியவில்லை.

படத்தில் ஒரு பெண், பிப்ரவரிச் சடங்கில் செய்வதுபோல, பேயை விரட்ட வறுத்த சோயாப் பயறு வீசுகிறாள். அவள் நான்தான். வெட்டிய இடங்கள் வழியாக அரிசிப்பசை கீழே உள்ள தாளில் இறங்கும். பசை படிந்த இடத்தில் சாயம் ஏறாது. வெட்டாமல் விட்டதெல்லாம் கறுப்புக் கோடாகும். மூக்குக் கோடு தனியாக விழுந்துவிடாமலிருக்க, கன்னக் கோட்டோடு சேர்த்து ஒரு மெல்லிய கீற்றை விட்டுவைப்பார்கள். பின்னால், கோடுகளைப் பிடித்து நிறுத்தும் பட்டுவலையை ஒட்டும்போது அதை நறுக்கிவிட வேண்டும். கிசாகு மறந்துவிட்டார். முதல் தாளைக் கழுவியதும் எனக்கு ஒற்றை மீசை!

"பேயை வெரட்டுறவளுக்கு மீசை இருந்தாத்தான்டி பேய் பயப்படும்" என்றார்.

வலை ஒட்டியபின் நறுக்கினால் வலையும் அறுபடும். அதனால் அந்த வருடம் ஒவ்வொரு தாளிலும் விரல்நுனியால் பசை தொட்டு மீசையை மறைத்தேன். எதிரே நின்று அவர் சாயம் தீட்டுவார். "சவரம் ஆச்சா?" என்று ஒவ்வொரு தாளுக்கும் கேட்பார்.

இப்போது தாளை விரித்து, அச்சை வைத்து, பசை இழுத்தேன். பழக்கத்தில் விரல் பசைக் கிண்ணத்துக்குப் போனது. விரலைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

பசை காய்ந்தபின் யசுஹெய் இடக்கையால் சோயாப்பாலில் கலந்த சாயத்தைத் தீட்டினான். பதினொன்றாம் தேதியை விடுமுறையாக அறிவிக்கும் முன்பே பழைய நாட்காட்டி அச்சாகிவிட்டது, இந்த முறை அதைச் சிவப்பாக்க வேண்டும். அச்சுக்கு நிறம் தெரியாது. தூரிகை சிவப்பைத் தொட்டால் போதும். சாயம் பிடித்தபின் தாளை நீரில் விட்டோம். சேனை போன்றதொரு கிழங்கின் கஞ்சி பூசிய தாள், ஊறினாலும் பிய்யாது. பசை வெண்மேகமாகக் கரைந்து விலக, என் முகம் மேலே வந்தது.

"ஐயோ அண்ணி, பூச மறந்துட்டீங்களே! மீசை!"

"மறக்கலடா. இருக்கட்டும். அடுத்த தாளை விரி."