சுஹுராவின் பாதித் தலை

சொமோயேயின் இடது முழங்காலில் முதன்முதலாகத் தேநீர் கொதித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நேவாலா ஊரில் ஒன்பது நாளாக வராத குழாய்த் தண்ணீர் பத்தாம் நாள் வந்த வாரம் அது. கொதிக்க வைக்க வேண்டுமென்று அவள் கெண்டியை அங்கே வைக்கவில்லை. குனிந்து தரையில் வைக்க முடியவில்லை, வீங்கிக் கிடந்த முட்டியின்மேல் ஒரு நிமிஷம் நிறுத்தினாள், அவ்வளவுதான். நாலாவது நிமிஷம் மூடி ஆடியது. அவள் இலையையும் சர்க்கரையையும் போட்டுக் குடித்தாள். ருசியில் குறையொன்றும் இல்லை.

சொமோயே தலை பின்னுகிறவள். எங்கள் மகொண்டே மேட்டில் அவளைப் போல நேர்வகிடு எடுக்க ஆள் கிடையாது. அவள் வகிடு எடுத்தால் அதில் எறும்பு கூட வழி தவறாது என்பார்கள். முட்டி சூடாவதற்கு முன்பே விரல்கள் சூடாகிவிட்டன. கண்டக்டர் ரஷீதிக்கு நிச்சயமாகியிருந்த சுஹுராவின் கல்யாணத்துக்காக, தலையை ஒட்டி இருபத்திரண்டு வரிசை பின்ன உட்கார்ந்தாள். பதினொன்று முடிந்ததும் பத்து விரலும் இஞ்சிக் கிழங்காக முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டன. எங்கள் பக்கத்தில் ஒரு தலையை எந்தக் கை தொடங்கியதோ அந்தக் கைதான் முடிக்க வேண்டும். மாறினால் முடி கொட்டும் என்பார்கள் சிலர், கல்யாணம் கலையும் என்பார்கள் சிலர். யாரும் பரீட்சித்துப் பார்த்ததில்லை.

"நீ முடிச்சுக் குடுத்தாத்தான் எனக்குக் கல்யாணம்க்கா. அதுவரைக்கும் இப்படியேதான் திரிவேன். வெக்கப்படறவங்க கண்ணை மூடிக்கட்டும்" என்றாள் சுஹுரா. சொன்னபடி மூன்று வருஷம் திரிந்தாள். பின்னிய வலப்பக்கம் முதல் நாள் இருந்தது போலவே இருந்தது, ஒரு மயிர் நீளவில்லை. பின்னாத இடப்பக்கம் குடை அளவுக்கு வளர்ந்தது. இரண்டாம் மழைக்காலத்தில் ஒரு ஜோடி தூக்கணாங்குருவி அதில் கூடு பின்னிக்கொண்டது. "அது குருவி பின்னினது, கணக்குல வராது" என்று சுஹுரா முன்கூட்டியே சொல்லி வைத்தாள். ரஷீதி நல்ல பையன். அவன் பேருந்தில் அவளுக்கு எப்போதும் ஜன்னலோர இருக்கை, குருவிகள் போய்வரத் தோதாக. ஆனாலும் அவன் அம்மா வேறு பெண் பார்க்கிறாள் என்ற பேச்சு சொமோயேயின் காதுக்கு வந்தது. அன்று அவள் களியைத் தொடவில்லை.

தெருவுக்கு அவள் சூட்டால் லாபம்தான், அதை மறைப்பானேன். காலையில் ஆளாளுக்குக் கெண்டியோடு வந்துவிடுவார்கள். கரி விற்கிறவன் எங்கள் தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அடிபட்டவனுக்கு ஒத்தடம் கொடுக்கவும் ஈரத் துணி உலர்த்தவும் அவள் முட்டி பயன்பட்டது. அவளும் முகம் சுளிக்காமல் காலை நீட்டிக் காட்டுவாள். ஆனால் விடியற்காலையில் மூடிய கை பத்து மணி வரை திறக்காது. கதவுத் தாழ்ப்பாளைக் கூடப் பல்லால் இழுத்துத்தான் திறந்தாள். சீப்பைத் தரையில் பார்த்தால் எடுக்க முடியாமல் அழுதாள். அவள் அழுத கண்ணீர் மட்டும் குளிர்ந்திருந்தது என்று பக்கத்து வீட்டு மிம்புவா சொல்கிறாள், நான் தொட்டுப் பார்க்கவில்லை.

முந்திரி பூத்த மாதத்தில் மூட்டு நோய் ஆராய டாக்டர் கிசா வந்தாள். மேற்கே மலைநாட்டுப் பெண், வயது முப்பத்துநான்கு, மெலிந்த உடம்பு, பெரிய குரல். சொமோயேயின் முட்டியில் வெப்பமானியை வைத்தாள், அது உடைந்தது. இன்னொன்றை வைத்தாள், அதுவும் உடைந்தது. படிவத்தில் 'மிதமான வீக்கம்' என்று குறித்தாள், ஏனென்றால் அதற்கு மேல் அதில் கட்டம் அச்சடிக்கவில்லை.

"உடம்புக்குள்ள வாட்ச்மேன் இருக்காங்கக்கா. திருடன் வந்தா அடிக்கறதுக்கு. உங்க வாட்ச்மேன் வீட்டுக்காரங்களையே போட்டு அடிக்கிறான்."

"அவனை வேலைய விட்டுத் துரத்திட வேண்டியதுதானே?"

"துரத்தினா நிஜத் திருடன் வருவான். கொஞ்சம் தூங்க வைக்கலாம். முழுசா இல்ல, அரைத் தூக்கம்."

"எங்க தெரு வாட்ச்மேனுக்கு மருந்தே வேண்டாம் டாக்டரம்மா" என்றாள் மிம்புவா வாசலிலிருந்து.

ஆராய்ச்சிக்கு மிம்புவா உட்பட நாற்பது பெண்கள் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் மூட்டில் நெருப்பு, ஒருத்தியின் மணிக்கட்டில் மரவள்ளிக் கிழங்கு அவியும். கிசா முறையை விளக்கினாள். வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை ஒரே ஒரு மாத்திரை. இருபது பேர் பாட்டிலில் மருந்து, இருபது பேர் பாட்டிலில் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் சுண்ணாம்பு மாத்திரை. யாருக்கு எது என்பது அவளுக்கே தெரியாது, தார் எஸ் ஸலாம் பட்டணத்தில் ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் மருந்து வேலை செய்தது என்று தெரிந்தால் பிறகு நாற்பது பேருக்கும் தொடர்ந்து கிடைக்கும். பெண்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள், பேனா பிடிக்க முடியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.

திரும்பும் வழியில் எல்லோரும் சொமோயேயின் முற்றத்தில் தேநீருக்கு உட்கார்ந்தார்கள். மேட்டில் பழக்கம் என்னவென்றால், யாரும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடமாட்டார்கள். வழியில் போகிறவனையும் கூப்பிட்டுத் தட்டில் கை வைக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி மருந்தை விழுங்க, பக்கத்தில் இருக்கிறவள் சுண்ணாம்பை விழுங்கிக்கொண்டு பார்த்திருப்பதா? பாவம், டாக்டர் சின்னப் பெண், வளர்த்தவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை என்று முடிவு செய்தார்கள். மிம்புவா பெரிய முறத்தைக் கொண்டுவந்தாள். நாற்பது பாட்டிலையும் அதில் கொட்டி, நன்றாகக் கலந்து, ஆளுக்குச் சமமாகத் திருப்பி நிரப்பினார்கள். டாக்டரின் மனம் நோகக்கூடாது என்பதால் அவளிடம் சொல்லவில்லை.

ஆறாம் மாதம் நாற்பது பேருக்கும் ஒரே நாளில் வலப்பக்கம் குணமானது. உச்சந்தலையிலிருந்து நேர்கோடு போட்டது போல வலப்பக்கத்து மூட்டெல்லாம் குளிர்ந்து வற்றியது. இடப்பக்கம் பழையபடி கொதித்தது. பாதி மருந்து, பாதி சுண்ணாம்பு, ஆகவே பாதி உடம்பு. இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று எங்கள் ஊரில் கேட்டார்கள். சொமோயே வலது கையால் சீப்பை எடுத்தாள், சந்தோஷத்தில் சிரித்தாள். அப்புறம் சுஹுராவின் தலையருகே உட்கார்ந்து பார்த்தாள். ஒற்றைக் கையால் யாராலும் பின்ன முடியாது.

"என்னோட நல்ல கையை உன் கைன்னு நினைச்சு வச்சுக்கயேன்" என்றாள் மிம்புவா. அவளுக்கும் நல்ல கை வலது கைதான். இரண்டு வலது கைகளும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன, குருவி பயந்து பறந்தது.

அடுத்த வாரம் கிசா முகம் தொங்க வந்தாள்.

"ரெண்டு கூட்டத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லக்கா. மருந்தும் வெறும் மாத்திரையும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சு. இழுத்து மூடச் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டணும்."

சொமோயே தன் இடது கையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டால் நாற்பது பேரின் மானம் தப்பும். மருந்து போய்விடும், சுஹுராவின் தலை அப்படியே நிற்கும்.

"மருந்து மேல பழி போடாதீங்க டாக்டரம்மா. நாங்க பங்கு போட்டுக்கிட்டோம்."

"எதை?"

"மாத்திரையைத்தான். முறத்துல கொட்டி."

"நாப்பது பேருமா?"

"பின்னே? ஒருத்திய விட்டுட்டா நல்லாவா இருக்கும்?"

"ஐயோ அக்கா! நாப்பது பாட்டிலுக்கும் நான் என் கையால நம்பர் ஒட்டினேன்! ஆறு மாசம்!" என்று கிசா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொமோயே முட்டியில் கெண்டியை வைத்தாள். கொதித்ததும் தேநீரை ஊற்றிக் கொடுத்தாள். கிசா குடித்தாள், அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறினால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை குடுத்தா ஒழுங்கா அவங்கவங்க பாட்டிலையே சாப்பிடுவீங்களா?"

"மாட்டோம்" என்றாள் சொமோயே உண்மையாக. "ஒண்ணு பண்ணுங்க. எங்க எல்லாருக்கும் ஒண்ணா கொஞ்ச மாசம் சுண்ணாம்பு குடுங்க, எல்லாருக்கும் ஒண்ணா கொஞ்ச மாசம் மருந்து குடுங்க. எப்ப எதுன்னு மட்டும் சொல்லாதீங்க. கஷ்டமும் சேர்ந்து, சொகமும் சேர்ந்து. நாங்க திருடறதுக்கு என்ன இருக்கு அதுல?"

கிசா இதைக் காகிதத்தில் எழுதி, நடந்தது அத்தனையும் மறைக்காமல் சேர்த்து, தார் எஸ் ஸலாமுக்கு அனுப்பினாள். அங்கே மூன்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். நாலாவது கூட்டத்தில் சம்மதம் வந்தது.

முதல் மூன்று மாதங்கள் கொடியவை. குளிர்ந்திருந்த வலப்பக்கமும் மறுபடி சூடேறியது. பிடித்த சீப்பு சொமோயேயின் கையிலிருந்து நழுவிய காலையில், இனிப் பிடி வரவே வராது என்று நினைத்து அவள் தேம்பினாள். நாற்பது வீட்டிலும் அதே அழுகை, அதனால் யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலாம் மாதம் ஒரு புதன்கிழமை மிம்புவா தன் கெண்டியைச் சொமோயேயின் முட்டியில் வைத்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தாள். மூடி ஆடவில்லை. "உன் அடுப்பு அணைஞ்சிடுச்சுடி" என்று கோபமாகத் தொடங்கியவள் பாதியிலேயே அவளைக் கட்டிக்கொண்டாள். ஐந்தாம் மாதம் கரி விற்கிறவன் தெருவுக்கு வரத் தொடங்கினான்.

கூட்டிலிருந்த கடைசிக் குஞ்சு பறந்துபோகும்வரை எட்டு நாள் பொறுத்திருந்து, சொமோயே சீப்பை எடுத்தாள். பத்து விரலும் வளைந்தன, நிமிர்ந்தன. காலையில் தொடங்கிய பதினொரு வரிசையும் மாலைத் தொழுகைக்கு முன் முடிந்தன. ரஷீதி பேருந்தை வாசலிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டுப் பயணிகளோடு பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாகப் பின்னலில் சேர்த்த நைலான் சவுரியின் நுனிகளை வெந்நீரில் முக்கி ஒட்ட வேண்டும். மிம்புவா பழக்கதோஷத்தில் கெண்டியோடு வந்து முட்டியைப் பார்த்துவிட்டு விழித்தாள். "தேவையில்லை" என்ற சொமோயே, இடது சுண்டுவிரலால் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். அந்த ஒரு விரல் மட்டும் இன்னும் சூடாக இருந்தது. தொட்ட இடம் உருகி அழகாக ஒட்டிக்கொண்டது.

"ஆ, சுடுதுக்கா!" என்றாள் சுஹுரா. வலப்பக்கத்து முடியும் அந்தக் கணத்திலிருந்து வளர ஆரம்பித்தது.

அந்த விரலுக்கும் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம் என்றாள் கிசா. சொமோயே கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஒரு வாட்ச்மேனாவது முழித்திருக்கட்டும் என்றாள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கிசா இப்படி எழுதினாள்: மீதமுள்ள வீக்கம், ஒரு சுண்டுவிரல், நோயாளி சிகிச்சை வேண்டாமென்கிறார், தொழிலுக்குத் தேவைப்படுகிறது. பிறகு பேனாவை மூடிவிட்டு, கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று தன் தலையை அவிழ்த்துச் சொமோயேயின் முன்னால் உட்கார்ந்தாள்.