நாலாவது சுற்று நலம் விசாரிப்பு

எத்தியோப்பியாவிலிருந்து கனடாவின் கல்கரி நகருக்கு வந்த தெரெஃபேவுக்கு ஒரு குடும்ப டாக்டரைப் பிடிக்க ஏழு மாதம் ஆயிற்று. எங்கே கேட்டாலும் இடமில்லை என்றார்கள். இதற்கிடையில் அவருடைய மனைவி ஃபந்தாயே இரண்டு மாதமாகச் சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கிவிட்டு வலப்பக்க விலாவைப் பிடித்துக்கொள்கிறாள். இன்று கிடைத்திருப்பது பதினைந்தே நிமிடம். இதை விட்டால் மறுபடி மூன்று மாதம் காத்துக் கிடக்க வேண்டும்.

டாக்டரின் மேசைமேல் இருந்த போனில் மொழிபெயர்க்கும் பெண் வந்தாள். அறையில் யார் என்ன பேசினாலும் அப்படியே மாற்றிச் சொல்வதுதான் தன் வேலை என்று முதலிலேயே அறிவித்தாள்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் டாக்டர். சின்ன வயசுப் பெண்.

"கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேன்," என்றாள் ஃபந்தாயே. "நீங்க சுகமாம்மா? அம்மா அப்பா சுகமா? பிள்ளைங்க சுகமா?"

"எல்லாரும் சுகம். உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"அவன் புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல."

தெரெஃபே பல்லைக் கடித்தார். முதல் கேள்விக்கே நோயைக் கொட்டுகிறவளை அவர்கள் ஊரில் மரியாதை தெரியாதவள் என்பார்கள். மூன்று சுற்று நலம் விசாரித்து, நாலாவது சுற்றில்தான் "லேசா ஒரு வலி" என்று மெல்ல எடுக்க வேண்டும். பதினைந்து நிமிட டாக்டரிடம் நாலாவது சுற்றுக்கு எங்கே போவது?

ரத்த அழுத்தம் பார்த்தார் டாக்டர். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு வருடம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லி எழுந்து கதவில் கை வைத்தார்.

தெரெஃபேவுக்குப் பொறுக்கவில்லை. "நேத்து ரெண்டு வாய் இன்ஜெரா சாப்பிட்டுட்டுச் சுருண்டு கிடந்தது யாருடி? பக்கத்து வீட்டுக்காரியா?"

"சும்மா இருங்க! மொத மொத பாக்கிற பொண்ணுகிட்ட ஒப்பாரி வெச்சா என்ன நினைப்பா?"

"செத்தப்புறம் சொல்லிக்கலாமா?"

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

போனில் இருந்தவள் இந்தச் சண்டையை ஒரு சொல் விடாமல், குரல்கூட மாறாமல், ஆங்கிலத்தில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஃபந்தாயேவுக்கு மானமே போயிற்று. டாக்டர் கதவை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"படுங்கம்மா. இங்க வலிக்குதா?"

"கடவுள் புண்ணி..." டாக்டரின் விரல் சற்று அழுந்தியது. "ஐயோ, அம்மா!"

அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பித்தப்பையில் கல் இருக்கலாம், இந்த வாரமே ஸ்கேன் எடுத்துவிடலாம், குணமாகிற நோய்தான் என்றார் டாக்டர். எத்தனை நாளாக வலி என்று கேட்டார்.

"அஞ்சு மாசமா."

வாசலுக்கு வந்ததும் தெரெஃபே அவள் பக்கம் திரும்பினார். நிம்மதியாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"அஞ்சு மாசமா? எனக்குத் தெரிஞ்சது ரெண்டு மாசம்தானே. தினம் காலையில கேட்டேனே. நல்லா இருக்கேன்னுதானே சொன்னே?"

"நீங்க மட்டும் என்னவாம்? இறைச்சி ஆலையிலேர்ந்து வந்தா ஷூவைக் கழட்டக் குனிய முடியல. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. கேட்டா என்ன சொல்றீங்க?" அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "இப்ப கேக்கிறேன். முதுகு எப்படி இருக்கு?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அவர் விழுங்கிக்கொண்டார்.

"வலிக்குதுடி. ரொம்ப வலிக்குது."

ஃபந்தாயே அவர் கையைப் பிடித்தாள். டாக்டரிடம் அவருக்கும் ஒரு நாள் குறித்து வாங்குவதற்காக, வந்த வழியே உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.