ஈரப் பாவின் எதிரே ஒரு பஸ்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. ஆற்றின் மேல் பாலம் போட்டால் அதன் பயன் எந்த இடத்தில் போய் நிற்கும்? பதில் தெரியாததால், ஓரிக்கைக்கு அருகே பாலாற்றின் மேல், 1968இல், நானே ஒரு பாலம் கட்டினேன். (காகிதத்தில்தான். எனக்குச் சிமென்ட் தட்டுப்பாடு இல்லை.)

2

முதல் தொடக்கம்: ‘கரும்பு லாரிகளின் வாடகை குறைந்த அன்று...’

வேண்டாம். அது திட்டம் போட்டவர்களுக்கே தெரியும்.

இரண்டாவது: புதுப் பாலத்தைக் கடந்து வந்த முதல் பஸ், காஞ்சிபுரத்து நெசவாளர் தெருவுக்குள் திரும்பியதும் நின்றுவிட்டது. தெரு நீளத்துக்கும் உமாபதியின் பட்டுப் பாவு.

(பாவு என்பது புடவையின் நீளவாட்டு நூல்கள். தறியில் ஏற்றுமுன் தெருவில் மூங்கில் குச்சிகள் தாங்க இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவிடுவார்கள். ஈரத்தோடு சுருட்டினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். மூன்று கல்யாணப் புடவைகள் பாழ்.)

3

“ரோட்ட மறிச்சிக்கினு என்னாபா பண்றே?” என்றார் டிரைவர் பரசுராமன்.

“ரோடா? நேத்து வரைக்கும் இது தெருபா. காய்ற வரைக்கும் நில்லு.”

“பஸ்சு நிக்கும். என் வேல நிக்குமா?”

“அப்போ மேல ஏத்திக்கினு போ. என் தறியும் நிக்கட்டும்,” என்றார் உமாபதி.

(பரசுராமனை முதலில் முரடராக எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். புது வழியில் முதல் நாளே தாமதமென்றால் யார்தான் கத்தமாட்டார்கள்?)

கத்திரிக்காய்க் கூடையோடு அங்கம்மாள் இறங்கினார். நேற்றுவரை அக்கரையிலேயே கிடைத்த விலைக்கு விற்றவர்.

“சுருட்டக் கூடாதுன்னா, அப்படியே தூக்கி ஓரமா வெச்சிட்டா?”

“ஒவ்வொரு குச்சிக்கும் ரெண்டு பேர் வேணும்மா. எல்லாரும் ஒண்ணாத் தூக்கணும். ஆளுக்கு எங்க போவேன்?”

“பஸ்சு நெறைய வந்திருக்கிற நாங்க என்னா, மூட்டையா?”

4

இங்கே என் பேனா நின்றுவிட்டது. பாலம் கரும்புக்காகக் கட்டியது. அதில் பஸ் வந்தது, பஸ்ஸில் கத்திரிக்காய் வந்தது, கத்திரிக்காயோடு இத்தனை கைகளும் வந்துவிட்டன! எந்தத் திட்டத்திலும் இல்லாத கைகள். நாற்று நட்ட விரல்கள், பாவைத் தாங்கும் மூங்கில் குச்சிகளைப் பற்றுகின்றன.

ஒரு முடிவில் யாரோ தடுமாறி, இழைகள் அறுகின்றன. இன்னொன்றில் அடுத்த மாதமே அங்கம்மாள் உமாபதியின் தறியில், புடவை உடலோடு கரையைக் கோக்கும் இரண்டாவது ஆளாக... இரண்டையும் நான் எழுதப்போவதில்லை.

5

எஞ்சின் அணைந்துவிட்டது. பரசுராமனும் ஒரு குச்சியருகே குனிந்திருக்கிறார்.

“தூக்கலாமா?” என்கிறார் உமாபதி.

கடைசிக் குச்சியின் ஒரு முனைக்கு மட்டும் ஆளில்லை. பஸ்ஸை எட்டிப் பார்த்தேன், காலி. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள்தான் பிடிக்க வேண்டும். மெதுவாக. நூல் இன்னும் ஈரம்.