ஹாரன்: சரி

அந்தச் சிவப்புக் காரில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த எறும்பைத் தவிர.

எறும்பு கம்பெனியின் சின்னம். முப்பது வருடமாக அந்த எறும்பை ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள், குப்பை வண்டியின் முகப்பில். கம்பெனி செய்த குப்பை வண்டிகள் உழைப்பில் யாருக்கும் சளைத்தவையல்ல. அந்தத் தெம்பில்தான் ஒரு ஸ்போர்ட்ஸ் காரையும் செய்துவிட்டார்கள். கழுகுச் சின்னம் போட்ட வெளிநாட்டுக் காரை ஓட்டப்பாதையில் இரண்டு முறை முந்தியது அது. ஆனால் ஷோரூமுக்கு வந்தவர்கள் கதவைத் திறந்து, சீட்டைத் தடவி, "அடடா" என்று சொல்லி, முன்பக்கம் வந்து எறும்பைப் பார்த்ததும், "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பினார்கள். எந்த வீட்டிலும் அனுமதி கிடைக்கவில்லை.

கார்ப் பிரிவையே மூடிவிடலாமா என்று கம்பெனி யோசித்துக்கொண்டிருந்தது. மூடினால் முதலில் வெளியே போகிறவள், அந்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். ஆறு மாதத் தற்காலிக வேலை, வருகிற வாரம் முடிகிறது. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்தப் பட்டத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார் அப்பா, வருகிறவர்கள் தலை இடித்துப் பார்க்கிற உயரத்தில். அவர் மகளைக் கூப்பிடுவதே "ஆபீசரம்மா" என்றுதான்.

கம்பெனி கடைசி முயற்சியாக ஒரு பிராண்ட் ஆலோசகரைக் கூட்டி வந்தது. அவர் அறைக்குள் வரும் முன்பே அவர் போட்ட சென்ட் வந்துவிடும். ஆகவே அவர் பெயர் சென்ட்.

சென்ட் சொன்ன வழி இது. எறும்பின் மேல் கறுப்பு டேப் ஒட்டு. எட்டுப் பணக்காரர்களைக் கூப்பிடு. கம்பெனி பெயரைச் சொல்லாமல் ஓட்டவிடு. இறங்கியதும் அட்டையில் 'வாங்குவேன்', 'வாங்கமாட்டேன்' என்று எழுதச் சொல். ஐந்து பேர் வாங்குவேன் என்றால் பிரிவு பிழைக்கும்.

"ஏன் சார் ஒளிக்கணும்? நம்ம காருன்னு சொல்லியே ஓட்டக் குடுக்கலாமே? திருடின காரா இது?" என்று கேட்டாள் அவள்.

"நீ கோவப்படு. நல்லா கோவப்படு. ஆனா டேப்ப நேரா ஒட்டு," என்றார் சென்ட்.

ஒட்டினாள். காரைச் சரிபார்க்கும் தாளையும் அவளிடமே கொடுத்திருந்தார்கள். பிரேக், விளக்கு, கண்ணாடி, ஹாரன் என்று நாற்பது வரிகள். ஒவ்வொன்றையும் தானே சோதித்து, 'சரி' போட்டு, கீழே கையெழுத்திட்டாள்.

ஓட்டப்பாதை ஊருக்கு வெளியே, ஒரு குடியிருப்பின் மதிலை ஒட்டி இருந்தது. ஞாயிறு மதியம் எட்டுப் பேரும் வந்தார்கள். அதில் ஒரு பல் டாக்டரும், அவருடைய மச்சானான ஜவுளிக்கடைக்காரரும் உண்டு. மச்சானிடம் ஏற்கெனவே ஒரு கழுகு இருந்தது. டாக்டரிடம் இல்லை. குடும்பத்தில் அது பெரிய விஷயம் என்பது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவருடனும் ஒரு சுற்று போனாள். முதல் ஆள் வளைவில் கண்ணை மூடிக்கொண்டார், ஓட்டியது அவர்தான். மூன்றாவது ஆள் இறங்க மறுத்தார். மச்சான் இறங்கும்போது, "இது கழுகோட தம்பியா?" என்று அவள் காதருகில் கேட்டார். ஏழு அட்டைகள் வந்தன. ஏழிலும் 'வாங்குவேன்'. சென்ட் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசியாக டாக்டர். பல் பிடுங்குகிறவர் என்றாலும் கை பூப்போல இருந்தது. சுற்றை முடித்துத் திரும்பும்போது, மச்சான் பாதை நடுவில் முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஹாரனை அழுத்தினார்.

பீ... பாம்.

மச்சான் துள்ளி விலகினார். அதே நேரம் மதிலில் ஒரு சின்னக் கதவு திறந்தது. ஒரு பெண் கையில் பக்கெட்டோடு வெளியே வந்தாள். அடுத்த கதவு. இன்னொரு பக்கெட். மூன்றாவது கதவிலிருந்து ஒரு பெரியவர், இரண்டு கையிலும் இரண்டு பை.

"என்னம்மா, ஞாயித்துக்கிழமையும் வந்துட்டீங்களா?" என்றார் பெரியவர்.

 மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். "மாமா! குப்பை வண்டி மாமா! இத உங்க கிளினிக் வாசல்ல நிறுத்துங்க, பேஷண்ட் எல்லாம் பக்கெட்டோட வருவாங்க!"

"நீயும்தான்டா வாங்குவேன்னு எழுதுன."

"எங்க என் அட்டை? அம்மா, என் அட்டையக் குடும்மா!"

ஏழு பேரும் அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். எழுதியதை அடிப்பதற்குப் பேனா போதாமல் ஒருவருக்கொருவர் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. டாக்டர் முன்னால் போய் நின்றாள். "சார், அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி பறக்குதுன்னு சொன்னீங்க. இப்போ காருல என்ன மாறிப்போச்சு?"

டாக்டர் நல்ல மனிதர். வெட்கப்பட்டாரே தவிரக் கோபப்படவில்லை. "காரு மாறலம்மா. உள்ள உக்காந்திருக்கிறவனுக்கு காரு தெரியாது. வெளிய நிக்கிறவனுக்குத்தான் தெரியும். அவனுக்காகத்தானே இவ்ளோ பெரிய காரு? எனக்காகன்னா எனக்கு ஸ்கூட்டரே போதும்."

இவ்வளவு நேர்மையான பதிலை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. 

எல்லோரும் போனபின் சென்ட் சரிபார்க்கும் தாளோடு வந்தார். முன்னதாகத் தொழிற்சாலைக்குப் போன் போட்டிருந்தார். தலைமை எஞ்சினியர், "நம்மகிட்ட இருக்கிறதுலயே நல்ல ஹாரன் சார், மழையில பத்து வருஷம் நனைஞ்சாலும் கத்தும்" என்று பெருமைப்பட்டாராம். தினமும் கேட்டுக் கேட்டு அங்கே ஒருவர் காதிலும் அது விழவில்லை.

"சரி, அவங்க காது போச்சு. உன் காதுக்கு என்னாச்சு? முப்பத்தேழாவது வரி. ஹாரன், சரி. கீழ உன் கையெழுத்து. குப்பை வண்டிச் சத்தம்னு தெரியலையா?"

தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அது எங்க அப்பா வண்டி சார். சின்ன வயசுல அந்தச் சத்தம் கேட்டா அப்பா தெருமுனைக்கு வந்துட்டாருன்னு அர்த்தம். எனக்கு அது ஹாரனாவே கேக்கல."

சென்ட் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்க அப்பா நகராட்சில போக்குவரத்துப் பிரிவுன்னு விண்ணப்பத்துல எழுதியிருந்தியே?"

"குப்பையும் போக்குவரத்துதான் சார்."

"ஓ." அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அப்ப நீயும் டேப் ஒட்டிட்டுத்தான் வந்திருக்க. அதுவும் நேரா ஒட்டியிருக்க."

முகம் சுட்டது. உலகத்தையே ஏசிக்கொண்டிருந்தவளுக்கு ஏச ஆள் கிடைக்கவில்லை. விறுவிறுவென்று போய்க் காரின் மூக்கிலிருந்த டேப்பைப் பிய்த்தாள். அது கையில் ஒட்டிக்கொண்டு, உதற உதற விரல் மாறியது.

"பேர மாத்துவோம், ஹாரன மாத்துவோம், சின்னத்த மாத்துவோம். அடுத்த மாசம் வேற எட்டுப் பேரு. கார் பிழைச்சுக்கும்," என்றார் சென்ட். "நீ பிழைக்கணும்னா அந்த 'சரி'ய அடிச்சுட்டு 'சரியில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. மேல இருக்கிறவங்களுக்கு ஒரு தப்பும் ஒரு ஆளும் வேணும்."

தாளை வாங்கினாள்.  'சரி'யை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்: 'ஹாரன் நன்றாக வேலை செய்கிறது. கேட்டவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள்.' அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, இன்னொரு வரி: 'தந்தையின் தொழில்: குப்பை வண்டி ஓட்டுநர்.'

சென்ட் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இத இப்படியே மேல குடுத்தா உனக்கு வேலை இருக்காது."

"தெரியும் சார்."

"அதனால நான் குடுக்கப்போறதில்ல. என்கிட்டயே வெச்சுக்கிறேன்." தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். "நாளைக்கு ஒன்பது மணிக்கு வா. புது ஹாரன் தேடணும். எந்தச் சத்தத்துக்கு யாரு கதவத் திறப்பாங்கன்னு இந்தக் கம்பெனியில தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். வேலை உத்தரவ நான் பேசி வாங்குறேன். வண்டிய கேரேஜ்ல விட்டுட்டுப் போ. நேரா கேரேஜுக்கு."

"சரி சார்," என்றாள்.

நேராகப் போகவில்லை. அவள் தெருவுக்குள் அந்தக் கார் நுழைந்தபோது, இரண்டு பக்கமும் சுவர் உரசாமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தெருமுனையிலேயே ஹாரனை அழுத்தினாள்.

பீ... பாம்.

முதலில் ஓடி வந்தது அப்பா. பனியனோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு. "எவன்டா அது ஷெட்ல விட்ட என் வண்டிய எடுத்தது?"

பிறகுதான் காரைப் பார்த்தார். ஸ்டியரிங்கில் மகளைப் பார்த்தார். மெதுவாக ஒரு சுற்று வந்து, மூக்குக்கு நேரே குனிந்தார்.

"எறும்பு," என்றார்.

"எறும்புதான்."

"மறைக்கப் போறோம்னு சொன்ன?"

"மறைச்சோம்ப்பா. உங்க ஹாரன் காட்டிக்குடுத்துருச்சு."

அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. வெளியே காட்டாமலிருக்க மீசையைத் தடவிக்கொண்டார். "ஒரு தடவ நான் அடிக்கட்டுமா ஆபீசரம்மா?"

அடித்தார், முப்பது வருடப் பழக்கத்தோடு, நீளமாக. மிச்சமிருந்த கதவுகளும் திறந்தன. பக்கத்து வீட்டு அக்கா பக்கெட்டோடு வந்து, சிவப்புக் காரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னண்ணே, நகராட்சியில புது வண்டி குடுத்துட்டாங்களா?"

"இதுல கொட்டிராத தங்கச்சி. இது என் பொண்ணு கம்பெனிக் காரு."

அக்கா காரைப் பார்த்தாள், பக்கெட்டைப் பார்த்தாள்.

"அப்பறம் எதுக்கு ஹாரன் அடிச்சீங்க?"