ஊதிப் பார்க்காத சுண்ணாம்பு நீர்

சுண்ணாம்பு நீரை நம்பக் கூடாது. பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நல்லதா கெட்டதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதனால் இருபத்தாறு வருடமாக எனக்கு ஒரு பழக்கம். தேர்வுக்கு முந்தின நாள் சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் கலக்கி வைப்பேன். மறுநாள் காலை மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றி, குழாயை விட்டு ஊதுவேன். நாம் விடுகிற மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதல்லவா, அது பட்டால் சுண்ணாம்பு நீர் பால் மாதிரி வெளுக்க வேண்டும். வெளுத்தால்தான் பாட்டில்களில் நிரப்புவேன். இதை நான் எந்த வகுப்பிலும் உட்கார்ந்து படிக்கவில்லை. பீக்கர் கழுவிக்கொண்டே காதில் வாங்கியது.

பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் நான் உதவியாளர். பிள்ளைகளுக்கு 'லேப் அக்கா'. ஓய்வு பெற இன்னும் பதினொரு மாதம். பின்னால் நின்று கேட்டுக் கேட்டே பிணைப்புகள் பற்றிய பாடம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருவர் எலக்ட்ரானைக் கொடுத்து இன்னொருவர் வாங்கிக்கொண்டால் அது அயனிப் பிணைப்பு. இரண்டு பேரும் பொதுவில் வைத்துக்கொண்டால் சகப் பிணைப்பு. எங்கள் வீட்டில் நடப்பது முதல் ரகம். கொடுப்பது நான், வாங்கிக்கொள்வது வீட்டுக்காரர். அவருக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சில் பாதி போயிற்று. கோபம் மட்டும் ஒரு குண்டுமணி குறையவில்லை.

பிராக்டிகல் தேர்வன்று காலையில் அவர் கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த உடம்பை ஒற்றை ஆளாகத் தூக்கி உட்கார வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. துணி மாற்றி, முதுகைத் துடைத்து, மாத்திரை கொடுத்து, பக்கத்து வீட்டம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடிவந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே கால். ஒன்பதரைக்குத் தேர்வு. இருபது மேசை, இருபது பாட்டில். சுண்ணாம்பு நீர் தெளிவாகத்தான் இருந்தது. ஊதிப் பார்க்க என்னிடம் மூச்சு மிச்சமில்லை. அப்படியே ஊற்றி வைத்துவிட்டேன்.

அந்தச் சுண்ணாம்பு டப்பாவின் மூடி மழைக்காலத்திலேயே விரிசல் விட்டிருந்தது. திறந்து கிடக்கிற சுண்ணாம்பு, காற்றில் இருக்கிற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சாக்பீஸ் தூளாகிவிடும். அதைக் கரைத்துத் தெளியவைத்தால் கிடைப்பது வெறும் தண்ணீர். புது டப்பா வேண்டும் என்று அப்போதே வேதியியல் சாரிடம் சொன்னேன். "இருக்கறத வெச்சு இந்த வருஷத்த ஓட்டுங்கக்கா" என்றார். ஓட்டினேன்.

மதிப்பெண் போட வேறு பள்ளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பிள்ளைகள் வாயில் அவர் எக்ஸ்டர்னல். ஆளுக்கு ஒரு உப்பைக் கொடுத்து, அது என்ன என்று கண்டுபிடிக்கச் சொன்னார். நாலு பேருக்குக் கிடைத்தது கார்பனேட் உப்பு. நீர்த்த அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். வருகிற வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் வெளுக்கும். ஆய்வகத்தில் இதைவிடச் சுலபமான உப்பு கிடையாது.

நாலு பேரில் ஒருத்தி 'கேள்விக்குறி'. எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று குடைவதால் வேதியியல் சார் வைத்த பட்டம் அது. அவள்தான் என்னிடம் வந்தாள்.

"அக்கா, வேற பாட்டில் தர்றீங்களா? இது மாறவே மாட்டேங்குது."

கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தாள். மூன்றாவது பாட்டிலைக் கொடுக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. எல்லாம் ஒரே ஜாடியிலிருந்து ஊற்றியதுதானே, எத்தனை பாட்டில் மாற்றினால் என்ன?

நேரம் முடிந்ததும் எக்ஸ்டர்னல் அவள் தாளைக் கையில் எடுத்தார்.

"நுரைச்சுதுன்னு எழுதியிருக்க. சுண்ணாம்பு நீர் மாறலன்னும் எழுதியிருக்க. கடைசியில என்ன உப்புன்னே எழுதல?"

"மூணு தடவ பண்ணேன் சார். மாறல."

"இதே உப்பு இன்னும் மூணு பேருக்குக் குடுத்தேன். மூணு பேருமே பால் மாதிரி மாறிச்சுன்னு எழுதியிருக்காங்க. உனக்கு மட்டும் மாறலையா? குழாயைச் சரியா செருகியிருக்க மாட்ட."

"செருகினேன் சார்" என்றாள். அவர் சிவப்பு மையில் பெரிய முட்டை போட்டார்.

அந்த மூன்று பேரும் புத்தகத்தைப் பார்த்தவர்கள். இவள் குழாயைப் பார்த்தவள். அந்த மூன்று பேரின் பொய்தான் இப்போது இவளுக்கு எதிரான சாட்சி. அந்தப் பொய்க்கு இடம் கொடுத்தவள் நான்.

கழுவும் தொட்டிப் பக்கம் வேதியியல் சார் வந்து குரலைத் தாழ்த்தினார். பாட்டிலைப் பார்த்ததுமே அவருக்கும் விளங்கிவிட்டது போலும்.

"விடுங்கக்கா. வெளிய வந்தா மொத்தப் பேருக்கும் மறுபடி தேர்வு வைக்கணும். உங்களுக்கு மெமோ குடுப்பாங்க. இன்னும் பதினோரு மாசம். ஏன் வம்பு?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அப்போது ஒரே ஒரு ஆசைதான். எங்காவது காலை நீட்டி உட்கார வேண்டும். யாரும் எதையும் கேட்காத ஒரு நாற்காலி போதும். இந்தப் பெண் ஒரு தேர்வில் தோற்றால் உலகம் முழுகிவிடாது என்று கூட நினைத்தேன். நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். மற்றவர்கள் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் நகரவில்லை. தன் மேசையில் நின்று, மணியடித்த பிறகும், அந்தக் குழாயின் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு தன் கையில்தான் இருக்கிறது என்று நம்ப ஆரம்பித்துவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு எக்ஸ்டர்னல் மேசைக்குப் போனேன். தம்ளரில் ஊற்றினேன். குழாயை விட்டு ஊதினேன்.

"என்னம்மா பண்றீங்க?"

பதில் சொல்ல வாய் காலியாக இல்லை. ஊதினேன், ஊதினேன், காது அடைத்து, கண் இருட்டிக்கொண்டு வரும்வரை ஊதினேன். காலையில் செய்யாமல் விட்ட வேலையை வட்டியோடு செய்தேன். தம்ளரில் குமிழி குமிழியாக வந்து உடைந்தது. நீர் அப்படியே தெளிவாக இருந்தது.

"இது செத்த சுண்ணாம்பு சார். நான்தான் சோதிக்காம ஊத்தி வெச்சேன். இருபது பாட்டிலும் இப்படித்தான். இந்தப் பொண்ணு எழுதினதுல ஒரு எழுத்து தப்பில்ல."

அவர் தம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மற்ற மூன்று தாள்களையும் எடுத்து அடுக்கினார்.

"அப்ப இவங்க மூணு பேருக்கும் எப்படி வெளுத்துச்சு?"

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் அப்படி என்னதான் எழுதியிருந்ததோ.

அவர் கேள்விக்குறியின் தாளில் முட்டையை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் எல்லாருக்கும் மறுதேர்வு என்றார். என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்.

எல்லாரும் போன பிறகு அவள் வாசலில் தயங்கினாள்.

"அக்கா, உங்களுக்கு ஏதாவது ஆகுமா?"

"போய்க் கையக் கழுவு. ஆசிட் பட்டிருக்கும்" என்றேன்.

விளக்கத் தாளோடு உட்கார்ந்தேன். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"வீட்டுக்காரருக்கு உடம்பு முடியலன்னு எழுதுங்கக்கா. எரக்கப்பட்டு விட்டுருவாங்க" என்றார் சார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

எழுதினேன். பொய்யில்லை. டப்பாவின் மூடியையும் எழுதினேன். அதுவும் பொய்யில்லை. படித்துப் பார்த்தபோது நான் என்ன செய்தேன் என்பது மட்டும் அதில் எங்கேயும் இல்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் ஒரே வரி எழுதினேன்: 'ஊதிப் பார்க்கவில்லை.'