இருபத்தைந்தாவது ஸ்லைடு

பாண்டிதுரை அப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைலை ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடி மேலேயே விரித்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தான். உள்ளே அப்பா பால்ச்சாமி தாடையைச் சுற்றிய வேட்டிக் கிழிசலோடு, பல்வலிக்குக் கட்டுப் போட்டுப் படுத்தவர் போலக் கிடந்தார். விடியற்காலை ஐந்தரைக்கு மூச்சு நின்றது. இப்போது மணி பத்து.

"ஏட்டி பானு, அந்த மதுரை டாக்டர் சீட்டு எங்க?"

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தங்கை பானுப்பிரியா ஃபைல் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "தெரியலண்ணே."

"இங்க உள்ள டாக்டர், மதுரைக்குப் போயி இன்னொருக்க பாருங்கன்னு எழுதிக் குடுத்தது இருக்கு. அங்க ஒருத்தன் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்புனானே, அவன் சீட்டு மட்டும் இல்ல."

"இப்ப எதுக்குண்ணே அது?"

"எதுக்கா? எட்டு மாசத்துக்கு முன்னாடி அவன் ஒழுங்காப் பாத்திருந்தா அப்பா இப்படிக் கெடப்பாரா? பேரு மட்டும் கெடைக்கட்டும், அவன விடுறதா இல்ல."

பாண்டிதுரை போலீஸில் ஏட்டு. வாய்ப்பேச்சோடு நிற்கிற ஆளில்லை. யாரோ ஒருவரின் காணாமல் போன பைக்கை மூன்று மாதம் அலைந்து கான்சாபுரத்துக் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்தவன். அப்படிப்பட்டவன் இப்போது தேடுகிற மதுரை டாக்டர் என்று ஒருவர் உலகத்திலேயே கிடையாது. அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார்.

பானு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். மண்டபம் கடற்கரையில் பாசியை அலசும்போது கிடைத்த ஒரு தட்டைப்புழு, அரிசியில் பாதிகூட இல்லாதது, இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்று சந்தேகப்பட்டு நாலு வருஷம் அதன் பின்னாலேயே கிடந்தாள். 'மாப்பிள்ளை பாக்கச் சொன்னா இவ புழுவப் பாக்குறா' என்று சொந்தக்காரர்கள் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

புது இனம் என்று சொல்ல வெளித்தோற்றம் போதாது, உள்ளே பார்க்க வேண்டும். அதற்காகப் புழுவை மெழுகில் புதைத்து, தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, வரிசை பிசகாமல் கண்ணாடி ஸ்லைடுகளில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். அவளுடைய புழு இருபத்து நாலு ஸ்லைடுகளில் இருந்தது. இருபத்து நாலும் சேர்ந்தால்தான் அது ஓர் உடம்பு. புது இனத்துக்கு அத்தாட்சியாக அடுத்த வாரம் மியூசியத்துக்கு அனுப்ப அந்த மரப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்திருந்தாள். பெட்டியில் இருபத்தைந்து பள்ளங்கள். இருபத்தைந்தாவதில் இருந்தது புழு இல்லை.

பிப்ரவரியில் ஒரு நாள், கழுத்துக் கட்டியிலிருந்து வெட்டி எடுத்த சதையை மதுரையில் காட்டச் சொல்லி உள்ளூர் டாக்டர் கொடுத்த ஸ்லைடைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா ஆய்வகத்து வாசலில் வந்து நின்றார்.

"மதுரைக்குன்னுதான் பஸ் ஏறுனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் எறங்கிட்டேன். அவனும் இதே மாதிரி மிஷின்லதான பாக்கப் போறான்? நீயே பாரு."

"அப்பா, நான் பாக்குறது புழு. மனுச ஒடம்பு எனக்குத் தெரியாது."

"சும்மா பாரு தாயி. நாலு வருசமா அதுலதான கண்ண வச்சிருக்க."

அப்போதே அவரைத் திரும்ப பஸ் ஏற்றியிருக்க வேண்டும். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் புழுவின் படத்தை வரைந்து அனுப்பியாக வேண்டியிருந்தது. சீக்கிரம் பார்த்து அப்பாவை அனுப்பிவிடலாம் என்று ஸ்லைடை வைத்துக் குனிந்தாள். புழுவுக்கு ஏற்றுகிற அதே ரோஸ், அதே ஊதாச் சாயம். புழுவின் உடம்பில் செல்கள் பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகளைப் போல வரிசையாக நிற்கும். இங்கே வரிசையே இல்லை. பெரிது பெரிதாக, கறுத்து, ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு கிடந்தன. அவளுக்குப் பயமாக இருந்தது. மனுஷ உடம்பு இப்படித்தான் இருக்குமோ என்னவோ என்று அந்தப் பயத்தைத் தள்ளி வைத்தாள்.

"வித்தியாசமா ஒண்ணும் இல்லப்பா. இருந்தாலும் மதுரைக்குப் போயிருங்க."

அவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது. ஸ்லைடை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் அறுந்த நூலைத் தேடிய கண்.

"நான் இம்புட்டுத்தானா?" என்று சிரித்தார். "நீயே வச்சுக்க."

வீட்டில் போய், மதுரையில் பெரிய டாக்டரே பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். அவள் மறுத்துப் பேசவில்லை. ஜூனில் அவருக்குக் குரல் போனது. அப்புறம் நிஜமாகவே மதுரைக்குப் போனபோது, ஏன் இவ்வளவு தாமதம் என்று அங்கே கேட்டார்கள். பேச முடியாத அப்பா பானுவைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால்தான் இத்தனை நாளும் அவள் ஒளிந்துகொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்குக் குடங்களில் நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டினார்கள். புது வேட்டி கட்டிவிட்டதும் அம்மா வெள்ளத்தாய் அழுகையை நிறுத்திவிட்டுத் திடீரென்று எழுந்தாள்.

"ஏலே பாண்டி, அவிய பல் செட்ட வச்சீகளா?"

"அது எதுக்கும்மா இப்ப?"

"கிண்ணத்துல கெடக்கு, எடுத்துட்டு வா. அவிய ஒடம்புல உள்ளது ஒண்ணுகூட இங்க தங்கக் கூடாது. முழுசாப் போகட்டும்."

யாரோ ஓடிப்போய் எடுத்துவந்தார்கள். பாண்டிதுரை அப்பாவின் வாயைத் திறந்து, குழந்தைக்குச் சோறூட்டுகிறவன்போலப் பதமாகப் பல்லைப் பொருத்தினான். பானு பீரோ இருந்த அறைப் பக்கம் திரும்பினாள். முழுசாக இல்லை. பீரோவுக்குள் கொஞ்சம் அப்பா இருக்கிறார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பெட்டியிலிருந்து ஸ்லைடை எடுத்தாள். கொல்லைச் சாக்கடையில் போட்டு ஒரு மிதி மிதித்தால் முடிந்தது. பாண்டிதுரை ஆயுசுக்கும் இல்லாத டாக்டரைத் தேடிக்கொண்டிருப்பான். ஆனால் கை வரவில்லை. அப்பாவைப் போய்ச் சாக்கடையிலா மிதிப்பாள்?

வாய்க்கரிசி போடும்போது அரிசியோடு அரிசியாக வேட்டி மடிப்புக்குள் செருகிவிடலாம் என்று தோன்றியது. ஸ்லைடை உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் அரிசியை அள்ளி மூடிக்கொண்டு வரிசையில் நின்றாள். முறை வந்தது. குனிந்தாள். தலைமாட்டில் நின்ற பாண்டிதுரை ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகிற வீட்டிலும் போலீஸ்காரன் கண் போலீஸ்காரன் கண்ணாகவே இருந்தது. அவள் விரல்களைப் பாதிதான் திறந்தாள். அரிசி விழுந்தது. ஸ்லைடு கையிலேயே நின்றுவிட்டது.

அதற்குள் அடுத்தவள் இடித்துக்கொண்டு வந்துவிட்டாள். தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பெண்கள் தெருமுனையோடு நிற்க வேண்டும். நின்றார்கள். மேல்சட்டை இல்லாத பாண்டிதுரை வண்டிக்குள் ஏறக் காலைத் தூக்கினான். அடித்தாலும் சரி, ஜெயிலில் போட்டாலும் சரி என்று பானு ஓடினாள்.

"அண்ணே!"

"என்னட்டி?"

கையை நீட்டினாள். கண்ணாடியின் ஓரம் கீறி உள்ளங்கையில் ரத்தம் கசிந்திருந்தது. "இது அப்பாண்ணே. கழுத்துல வெட்டி எடுத்தது. இதுவும் கூடப் போகணும்."

அவன் வாங்கிப் பார்த்தான். ஓரத்தில் ஒட்டியிருந்த தாளில் பெயர், வயது, தேதி.

"ஒங்கிட்ட எப்படி வந்துச்சு?"

"அப்பா அன்னைக்கு மதுரைக்குப் போகவே இல்ல. எங்கிட்ட வந்தாவ. நான்தான் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னேன்." மூச்சு வாங்கினாள். "நீ தேடுற ஆளு நான்தாண்ணே."

"மாப்ள, நேரமாகுது" என்று முன்சீட்டிலிருந்து மாமா குரல் கொடுத்தார்.

பாண்டிதுரை ஸ்லைடிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். அடி விழும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது வண்டியின் பின்கதவு சாத்தியிருந்தது.

வண்டி நகர்ந்தது. பின்னால் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் குளிக்கக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. பின்பக்கக் கண்ணாடி வழியே, அப்பாவுக்குப் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவன் இரண்டு விரலால் ஸ்லைடைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி தென்காசி ரோட்டில் திரும்புகிறவரை அந்தக் கை கீழே இறங்கவில்லை.